மாதாவுக்குக் கொடுத்த வெள்ளிப் பாக்கு

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊரைக் கூட்டி, பூசை வைத்து, சோறு போட்டு, நன்றி சொல்லி அனுப்பிவைத்த ஒரு வருத்தம் வெட்கத்துக்காவது திரும்பி வராது என்று நான் நம்பினேன். பகிடிக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே நம்பினேன். கலியாண வீட்டில் கைகூப்பி வழியனுப்பிய ஆள், குடையை விட்டுவிட்டேன் என்று பத்து நிமிடத்தில் திரும்பி வந்து நின்றால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு மரியாதை தெரியாத வேலையை ஒரு புற்றுநோய் செய்யாது என்பது என் எண்ணம்.

நான் மன்னார்த் தீவில் படகு எஞ்சின் திருத்துகிறவன். கடலுக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் ஒரு தகரக் கொட்டில். அதற்குள் பதினைந்து, இருபத்தைந்து, நாற்பது குதிரைவலு எஞ்சின்கள் மரச்சட்டங்களில் தொங்கும். கையால் பாதியும் வாயால் பாதியும் பிழைக்கிறேன் என்று மனைவி சொல்வாள். சரிதான். எஞ்சின் திருந்த நேரம் எடுத்தால் அதுவரைக்கும் ஆளைச் சிரிக்க வைத்துக்கொண்டிருப்பேன். சிரிக்கிற ஆள் மணிக்கூட்டைப் பார்க்க மாட்டான்.

ஐம்பத்து மூன்று வயதில் எனக்குச் சலம், அதுதான் மூத்திரம், போவது கரைச்சலானது. வரும், நிற்கும், யோசித்துவிட்டு மறுபடியும் வரும். எண்ணெய்க் குழாயில் தூசி என்று தொழில்முறையில் தீர்மானித்து, மூன்று மாதம் இளநீர் குடித்தேன். இடுப்பு வலித்தது. அது நாற்பது குதிரைவலுவைத் தனியே தூக்கியதால் என்று அதற்கும் ஒரு தீர்ப்பு எழுதினேன். ஒருநாள் சலத்தோடு இரத்தம் வந்தது. தீர்ப்பு எழுத என்னிடம் காரணம் இருக்கவில்லை. மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போனேன், அங்கிருந்து யாழ்ப்பாணத்துக் கிளினிக்குக்கு அனுப்பினார்கள்.

அங்கே இருந்த டொக்டர் என் மகளைவிட இரண்டு மூன்று வயது மூத்த பெண்பிள்ளை. கடுதாசியில் ஒரு படம் கீறினார்.

"ஐயா, இதுதான் புரொஸ்டேட் சுரப்பி. சலப்பைக்குக் கீழ இருக்கும். சாதாரணமா ஒரு பாக்களவு."

"என்ரை என்னளவு டொக்டர்? தேங்காயளவோ?"

"அளவு இப்ப பிரச்சினை இல்லை ஐயா. அது வெளியில வந்திட்டுது. இடுப்பெலும்பில ரெண்டு இடத்தில இருக்கு."

"வெளியில வந்ததைப் பிடிச்சுத் திருப்பி உள்ள விடேலாதோ?"

அவர் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேனையை மூடினார். என் பகிடிக்கு ஒருவர் சிரிக்காமல் இருந்தால் எனக்குக் கோபம் வரும். அன்றைக்குப் பயம்தான் வந்தது. பயம் வந்தால் என் வாய் கியர் போடாத எஞ்சின் மாதிரி இரையும். எவ்வளவு இரைச்சலோ அவ்வளவு பயம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். அன்றைக்குக் கிளினிக்கில் தாதிமார், மருந்து கொடுக்கிறவர், வாசலில் நின்ற காவலாளி எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

இரத்தத்தில் பார்க்கிற எண் ஒன்று இருக்கிறது. எனக்கு அது நூற்று நாற்பது. நாலுக்குள் இருக்கவேண்டுமாம். எலும்புக்குப் போனதால் வெட்டி எடுப்பதில் பிரயோசனமில்லை என்றும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயிற்றில் ஓர் ஊசி போட்டால் ஆணின் சுரப்பு நின்று நோய்க்குத் தீனி இல்லாமல் போகும் என்றும் டொக்டர் விளங்கப்படுத்தினார். அதன்பிறகு அவர் சொன்னதை நான் சரியாக எழுதவேண்டும், பிழை அவர்மேல் போகக்கூடாது.

"இது வருத்தத்தைச் சுகமாக்கி மாத்துற ஊசி இல்லை ஐயா. நித்திரையாக்கிற ஊசி. எவ்வளவு காலத்துக்கு எண்டு சொல்லேலாது. முழிச்சா வேற வழி பாப்பம்."

நான் வீட்டுக்கு வந்து மனைவிக்குச் சொன்னது இவ்வளவுதான்: "ஊசி போட்டாச் சரியாம்."

அடுத்த நாள் அவள் தன் பங்குக்கு ஒரு வேலை செய்தாள். கோயிலுக்குப் போய் மாதாவுக்கு நேர்த்தி வைத்துவிட்டு வந்தாள், உருவம் கொடுப்பதாக. எங்கள் பக்கத்தில் இது வழக்கம். கண் நோய் சுகமானவர்கள் வெள்ளியில் கண் செய்து கொடுப்பார்கள். கால் முறிந்தவர்கள் கால். புயலில் தப்பியவர்கள் சின்ன வள்ளம். மாதாவின் சுரூபத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி அலுமாரிக்குள் எல்லாம் நூலில் கட்டித் தொங்கும்.

"உருவம் எண்டால் எந்த உருவம்?" என்று கேட்டேன்.

அதை அவளும் யோசிக்கவில்லை.

"அந்தத் துலைவான் எப்பிடி இருக்கும்?" என்றாள் கடைசியில்.

டவுனில் இருக்கிற தட்டாரிடம் நானே போனேன். டொக்டர் கீறிய படத்தை ஞாபகத்திலிருந்து கீறிக் காட்டினேன். அவர் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார்.

"இது என்ன, பிலாக்கொட்டையோ?"

"பாக்கு எண்டு நினைச்சுச் செய்யுங்கோ."

"முழுப் பாக்கோ, சீவலோ?"

"முழுசு. சீவ வேண்டாம் எண்டுதான் இந்த நேர்த்தியே."

ஊசி வேலை செய்தது. என்னையும் ஒரு கை பார்த்தது. முகத்தில் திடீரென்று சூடு ஏறும், சேட்டு நனையும், ஐந்து நிமிடத்தில் குளிரும். மனைவிக்கும் அந்த வயதில் அதே உபத்திரவம் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் ஒரு ஃபான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பேரும் அதன் கழுத்தைத் தங்கள் பக்கம் திருப்பச் சண்டை போடுவோம்.

"வாங்கோ, வாங்கோ, எங்கட மாதர் சங்கத்துக்கு வாங்கோ. சந்தாவை இப்பவே கட்டிப்போடுங்கோ" என்பாள்.

எண் நூற்று நாற்பதிலிருந்து எட்டுக்கு வந்தது. பிறகு ஒன்று. ஒரு வருடம் கழிந்து சைபர் தசம் மூன்று. மனைவி அந்தக் கடுதாசியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். டொக்டர் மறுபடியும் சொல்லியிருந்தார்: "நல்லது ஐயா. ஆனா நித்திரைதான் எண்டதை மறக்காதேங்கோ." அந்த இரண்டாவது வசனத்தை யாழ்ப்பாணத்து பஸ் நிலையத்திலேயே விட்டுவிட்டு வந்தேன்.

நன்றிப் பூசை வைத்தோம். வெள்ளிப் பாக்கை மனைவி லேஞ்சியில் சுற்றிக்கொண்டு வந்தாள். அதை மாதாவின் காலடியில் வைக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. கண், கால் என்றால் பரவாயில்லை. இது எந்த இடத்துச் சாமான் என்று தாய்க்குத் தெரியாதா? பூசை முடிய பங்குச் சுவாமி என்னைக் கூப்பிட்டு, இரண்டு வார்த்தை சாட்சியம் சொல்லச் சொன்னார். நான் கால் மணித்தியாலம் எடுத்தேன். தட்டாரின் பிலாக்கொட்டையைச் சொன்னேன், ஃபான் சண்டையைச் சொன்னேன், கோயில் குலுங்கியது. கடைசியில், எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, "மாதாவின்ர புண்ணியத்தில எனக்கு வருத்தம் முற்றா மாறிட்டுது" என்றேன்.

அதைச் சொல்லும்படி ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. குறைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். குறைந்ததற்கு இவ்வளவு கைதட்டல் கிடைத்திருக்காது.

அதன்பிறகு நான் ஊரில் ஓர் ஆளானேன். கடலுக்குப் போகிறவர்கள் எஞ்சினைத் தூக்கும்போது என் தோளை ஒருமுறை தொட்டுவிட்டுத் தூக்கினார்கள். ஒரு தாய், விட்டுவிட்டு இருமுகிற பிள்ளையைக் கொண்டுவந்து, "அங்கிள், தலையில கையை வையுங்கோ" என்றாள். கையெல்லாம் கிறீஸ். துடைத்துவிட்டு வைத்தேன். எனக்கு அது பிடித்திருந்தது, ஏன் பொய் சொல்ல. மகளின் கலியாணத்தில் சம்பந்திமார் என்னை மாப்பிள்ளையைவிட அதிகமாகப் பார்த்தார்கள்.

கலியாணம் முடிந்து ஐந்தாறு மாதத்தில் எண் இரண்டானது. அடுத்த முறை ஒன்பது. அதற்கடுத்த முறை இருபத்து நாலு.

"முழிச்சிட்டுது ஐயா" என்றார் டொக்டர்.

"தாலாட்டுப் பாடினா?"

"ஐயா." அந்த ஒரு சொல்லில் என்னைக் கதிரையில் இருத்தினார். "ஊசி தொடர்ந்து போடவேணும். ஆனா அது மட்டும் இனிக் காணாது. ரெண்டு வழி இருக்கு. ஒண்டு, மூண்டு கிழமைக்கு ஒருக்கா வந்து சேலைனோட மருந்து ஏத்துறது. மற்றது, வீட்டில இருந்து நாளாந்தம் குளிசை விழுங்கிறது."

"குளிசை" என்றேன் உடனே.

"கேளுங்கோ முதல். உங்களுக்கு அஞ்சு வருசத்துக்கு முந்தி இருதயத்தில குழாய் வைச்சிருக்கு. இந்தக் குளிசையால பிறஷர் ஏறும், உடம்பில தண்ணி தேங்கும். வேற ஆளுக்கு எண்டால் யோசியாமல் எழுதித் தருவன். உங்களுக்கு எனக்குப் பயம். சேலைன்தான் நல்லது."

"சேலைனால என்ன வரும்?"

களைப்பு வரும் என்றார். வாய் ருசி கெடும், இரத்தத்தில் வெள்ளையணு குறையும், காய்ச்சல் என்றால் ஒரு மணித்தியாலமும் பிந்தாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும், விரல் நுனி மரக்கலாம், முடி கொட்டும். எஞ்சின் திருத்துகிறவன் விரல் நுனிக்குத்தான் பயந்திருக்கவேண்டும். நட்டு மரையில் சரியாக ஏறுகிறதா என்பதைக் கண் பார்க்காது, விரல்தான் பார்க்கும். ஆனால் என் காதில் கேட்டது முடி மட்டும்தான்.

என் மண்டையில் கொட்டுவதற்கு ஒன்றுமில்லை. அது எப்போதோ கொட்டி முடிந்தது. எனக்கு இருப்பது மீசை. கருக்கருவென்று இரண்டு பக்கமும் முறுக்கின மீசை. தீவில் அரைவாசிப் பேருக்கு என்னை அந்த மீசையால்தான் தெரியும். அது போனால் அன்றைக்கே ஊருக்கு விளங்கிவிடும். கோயிலுக்குள் நின்று மாறிவிட்டது என்று சொன்னவனுக்கு மாறவில்லை. அலுமாரிக்குள் பாக்குத் தொங்குகிறது, மாதா பார்த்துக்கொண்டு நிற்கிறா, இவன் மீசை இல்லாமல் வாறான். மாதாவை நான் சந்தி சிரிக்க வைத்த மாதிரி ஆகிவிடும்.

"அடுத்த கிளினிக்குக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. இருந்து கதைச்சு முடிவெடுப்பம்" என்றார் டொக்டர். தலையாட்டிவிட்டு வந்தேன்.

அன்றைக்குத் திரும்பும் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் என் கூட்டாளி இருந்தான். கொண்டச்சி ஆள், மரமுந்திரிகை வியாபாரம். ஒரே வருத்தம், ஒரே கிளினிக். என் வயதுதான், இரண்டாம் நாளே மச்சான் ஆகிவிட்டோம். அவன் அப்போது சேலைனில் நாலாவதை முடித்திருந்தான். தொப்பிக்குக் கீழே புருவமும் இல்லை.

"என்ன மச்சான், மூஞ்சி கறுத்துக் கிடக்கு? டொக்டர் ஏசினாவா?" என்றான்.

எல்லாவற்றையும் சொன்னேன். பாலம் வரும்வரை கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு தொப்பியைக் கழற்றித் தன் மண்டையைத் தடவினான்.

"இஞ்ச பாரு. எனக்குப் புருவம் போன அண்டைக்கு எங்கட வீட்டுக்காரி என்ன செஞ்சா தெரியுமா? பேரப்பிள்ளைட பென்சிலால கீறிவிட்டா. ஒண்டு மேல, ஒண்டு கீழ. பள்ளிவாசலுக்குப் போனா எல்லாரும் என்னைக் கேள்வி கேக்கிற ஆள் மாதிரிப் பாத்தாங்க."

சிரித்தேன். அவன் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

"மீசைக்காண்டியா பின்னுக்கு நிக்கிற? வளரும்டா அது."

"மீசைக்கு இல்லை. மாதாவுக்கு."

"உன்னைக் காப்பாத்தச் சொல்லி அவவைக் கேட்டீங்க. இப்ப அவவை நீ காப்பாத்தப் போறியா?"

யன்னலால் பூநகரி உப்பு வெளியைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் மனைவி எண்ணைக் கேட்டாள். "சைபர் தசம் நாலு" என்றேன். ஒரு தசம் கூட்டிச் சொன்னால் உண்மை மாதிரி இருக்கும் என்று ஒரு கெட்டித்தனம்.

அடுத்த கிளினிக் நாள், வருத்தத்தின் விவரம் எழுதுகிற கொப்பியையும் எடுத்துக்கொண்டு, சாப்பாட்டுப் பார்சலையும் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். டவுன் பஸ் நிலையத்தில் இறங்கினேன். யாழ்ப்பாணம் பஸ் வந்தது. கொண்டக்டர் கூப்பிட்டார். ஏறவில்லை. பின்னேரம் வரைக்கும் வாங்கில் இருந்தேன். டவுன் கழுதைகள் நாலைந்து நிழலுக்கு வந்து ஒதுங்கின. ஒன்று என் பார்சலின் வாழையிலையை மணந்து பார்த்தது. கொடுத்தேன். அது தின்றுவிட்டு, போக இடமில்லாத மாதிரி என் பக்கத்திலேயே நின்றது. பார்க்கிறவர்களுக்கு எது எதைக் கூட்டிக்கொண்டு வந்தது என்று சந்தேகம் வந்திருக்கும்.

அதற்கடுத்த முறையும் அப்படியே செய்தேன். ஊசியை மட்டும் மன்னார் ஆஸ்பத்திரியில் ஒழுங்காகப் போட்டேன். அதனால் மனைவிக்குச் சந்தேகம் வரவில்லை. இடுப்பு வலி முதுகுக்கு ஏறியது. பனடோல் போட்டேன். நாற்பது குதிரைவலுவை மறுபடியும் குற்றவாளிக் கூட்டில் ஏற்றினேன். கொண்டச்சியிலிருந்து போன் வந்தது.

"டொக்டர் உன்னைக் கேட்டாடா. நான் என்னத்தச் சொல்ல? கடலுக்குப் போய்ட்டான் எண்டா?"

"எனக்கு நீந்தத் தெரியாது எண்டு சொல்லு."

அவன் போனை வைத்துவிட்டான். இப்படியே நாலு மாதம் போனது.

ஒருநாள் பின்னேரம் எங்கள் ஊர்ச் சம்மாட்டி கொட்டிலுக்கு வந்தார். மூன்று படகுக்கும் கரைவலைக்கும் சொந்தக்காரர், அறுபதைத் தாண்டியவர், ஊரில் அவர் பேச்சு எடுபடும். எஞ்சின் கொண்டுவரவில்லை. அங்குமிங்கும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, அந்த வெள்ளிச் சாமான் என்ன அளவில செய்வித்தனீர்?"

"எது, பாக்கோ? ஏன் சம்மாட்டி?"

"எனக்கும் உம்மட வருத்தம்தான். தொடக்கமாம், வெளியில போகேல்லையாம். வெட்டி எடுத்தாச் சரி எண்டு ஒப்பிரேசனுக்குத் திகதி தந்திருக்கினம். நான் போகமாட்டன். உமக்கு எலும்புக்குப் போனதையே மாதா மாத்தினவ. எனக்குத் தொடக்கம்தானே."

அந்த இடத்தில் ஒரு மனிதன் செய்யவேண்டியது என்ன என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என் வாய் என்ன செய்தது தெரியுமா?

"அப்ப கொஞ்சம் பெரிசாவே செய்யுங்கோ. நீங்கள் சம்மாட்டி, எங்கட பாக்கும் உங்கட பாக்கும் ஒரே அளவா இருந்தாச் சனம் என்ன சொல்லும்?"

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். என் தோளைத் தொட்டார். தட்டாருக்கு இன்றைக்கே சொல்லிவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கையிலிருந்த நட்டுச் சாவியை வைத்துவிட்டு எஞ்சின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெட்டினால் மாறக்கூடிய ஒரு ஆளை, வெட்டினாலும் மாறாத நான் சிரிக்க வைத்து அனுப்பியிருக்கிறேன். கொட்டிலைப் பூட்டினேன்.

வீட்டுக்குப் போனேன். மனைவி குசினி வாசலில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"நம்பர் ஏறிட்டுது" என்றேன்.

கத்தி நின்றது. "எத்தினை?"

"இருபத்து நாலு. அது நாலு மாசத்துக்கு முந்தி."

"இப்ப?"

"தெரியாது. போகேல்லை."

"கிளினிக்குக்கு எண்டு வெளிக்கிட்டுப் போனனீங்களே. ரெண்டு தரம் சோறு வாங்கிக்கொண்டு."

"பஸ் ஸ்ராண்ட் மட்டும் போனனான். சோத்துப் பார்சலைக் கழுதையோட பங்கு போட்டனான்." எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. எழும்பிப் போய்க் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். பிறகு இன்னொருமுறை கழுவினாள்.

"நாலு மாசம். ஒரு ஃபானுக்குக் கீழ. எனக்குச் சொல்லேல்லை."

"மாதாவுக்கு அவமானம் எண்டு…"

"மாதாவை இதுக்குள்ள இழுக்காதேங்கோ." இப்படி ஒரு குரலில் அவள் என்னோடு பேசி நான் கேட்டதில்லை. "நேர்த்தி வைச்சது ஆர்? நான். நான் என்ன கேட்டனான் எண்டு ஒருநாளாவது கேட்டனீங்களே?"

கேட்கவில்லை. உருவம் எப்படி இருக்கவேண்டும் என்று மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

"மாத்திவிடு எண்டு நான் கேக்கேல்லை. டொக்டர் படம் கீறின கடுதாசி உங்கட சேட்டுப் பைக்குள்ள இருந்தது. எலும்பெல்லாம் புள்ளி போட்டு. எனக்கு விளங்காதோ? பிள்ளையின்ர கலியாணம் முடியும் மட்டும் ஆளை வைச்சிரு எண்டுதான் கேட்டனான். அவ வைச்சிருந்தவ. அதுக்குத்தான் வெள்ளி குடுத்தனான். கோயில்ல ஏறி நிண்டு மாறிட்டுது எண்டு சொன்னது நீங்கள்."

கலியாணம் முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"அப்ப என்ரை தவணை முடிஞ்சுதோ?" என்றேன்.

"வாயைப் பொத்துங்கோ" என்றாள். கண்ணைப் புறங்கையால் துடைத்தாள். "இன்னும் ஏதும் சொல்லாமல் இருக்கோ?"

சம்மாட்டியின் கதையைச் சொன்னேன். பெரிதாகச் செய்யச் சொன்னதையும் சொன்னேன். அவள் மீனைச் சட்டியால் மூடினாள். "சேட்டைப் போடுங்கோ" என்றாள்.

சம்மாட்டி முன் விறாந்தையில் கதிரையில் இருந்தார். எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்தது. இன்னொரு பகிடி வரப்போகிறது என்று நினைத்திருப்பார்.

"சம்மாட்டி, நான் கோயில்ல சொன்னது பொய்."

"எது?"

"மாறிட்டுது எண்டது. குறைஞ்சதுதான். ஊசியால குறைஞ்சது. இப்ப ஏறிட்டுது."

அவர் என்னை நம்பாமல் என் மனைவியைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள்.

"அப்ப அண்டைக்கு நாங்கள் என்னத்துக்குக் கைதட்டினனாங்கள்?"

"எனக்குத் தெரியேல்லை."

"இண்டைக்கு உம்மட்டை வந்து அளவு கேட்டனான். பெரிசாச் செய்யச் சொன்னீர்."

"ஓம்."

"நீர் என்ன மனுசன் காணும்?"

அந்த மாதிரி நேரத்தில் எனக்கு ஒரு பகிடி வரும். வரவில்லை. முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த கருவாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சம்மாட்டியின் மனைவி உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கவேண்டும். அவருடைய கிளினிக் கொப்பியைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார். அவர் அதைத் திறந்து, அடுத்த கிழமை புதன்கிழமை என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"தட்டாருக்குச் சொல்லிப்போட்டனே" என்றார் கடைசியில், யாருக்கென்று இல்லாமல்.

"சொன்னது சொன்னதாக இருக்கட்டும் அண்ணை" என்றாள் என் மனைவி. "ஒப்பிரேசன் முடிய வந்து குடுங்கோ."

எங்களுக்குத் தேத்தண்ணி தரவில்லை. வந்தவருக்குத் தேத்தண்ணி தராமல் விடுவது அந்த வீட்டில் நடக்காத காரியம்.

அடுத்த கிளினிக்குக்கு மனைவியோடு போனேன். எண் எண்பத்தெட்டு. மறுபடியும் படம் எடுத்தார்கள். டொக்டர் என்னை ஏசுவார் என்று எதிர்பார்த்து மூன்று பகிடி தயாராக வைத்திருந்தேன். அவர் ஏசவில்லை. படத்தை வெளிச்சத்தில் பிடித்து முதுகெலும்பில் மூன்று இடத்தைக் காட்டினார். "இது முந்தி இல்லை ஐயா" என்றார். முதலில் முதுகு நோவுக்குக் கதிர்வீச்சுப் பிடிக்கவேண்டும், பிறகு சேலைன். குளிசையை இப்போதும் யோசிக்கலாம், ஆனால் இருதயத்தின் பயம் இருக்கிறது, சேலைனும் இனி முந்தி ஏற்றியிருந்தால் செய்த அளவுக்குச் செய்யுமோ என்று சொல்லத் தெரியாது. ஒன்றும் செய்யாமல் நோவுக்கு மட்டும் மருந்து எடுக்கவும் எனக்கு உரிமை இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே குரலில் சொன்னார்.

"எவ்வளவு காலம் டொக்டர்?" என்று மனைவி கேட்டாள். நான் அந்தக் கேள்வியை மூன்று வருடமாகக் கேட்காமல் சுற்றிக்கொண்டு திரிந்தவன்.

"மாசக் கணக்கில யோசியுங்கோ அம்மா. சில பேருக்கு அதைவிடக் கூடவும் வரும். ஏத்திப் பாத்துத்தான் தெரியும்."

மனைவி என்னைப் பார்த்தாள். முடிவு என்னுடையது என்று அந்தப் பார்வையிலேயே விட்டுவிட்டாள். எனக்கு ஞாபகம் வந்தது மீசையும் இல்லை, மாதாவும் இல்லை. மரத்துப்போகப்போகிற விரல்கள்தான்.

"ஏத்துங்கோ" என்றேன். "நட்டுப் பூட்ட ஆரையாவது பிடிப்பம்."

மூன்றாவது சேலைனோடு மீசை போனது. ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்குப் போனபோது ஊர் பார்த்தது. யாரும் மாதாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. என் தோளைத் தொடுவதை மட்டும் நிறுத்திவிட்டார்கள். மீன் தகரம் மாதிரி ருசித்தது. விரல் நுனி மரத்தது. கொட்டிலில் சின்ன நட்டுகளை இப்போது மனைவி பூட்டுகிறாள், மரை பிழைத்தால் அவளே ஏசிக்கொள்கிறாள். கொண்டச்சிக் கூட்டாளிக்கு முந்தியே ஐந்தாவதோடு காய்ச்சல் வந்து நிறுத்திவிட்டார்கள். நோவுக்கு மருந்து எடுத்துக்கொண்டு வீட்டில் இருக்கிறான், போன் எடுத்தால் முதலில் என் மீசையைத்தான் விசாரிப்பான்.

சம்மாட்டிக்கு அந்தப் புதன்கிழமையே ஒப்பிரேசன் நடந்தது. அவருக்கு இப்போது வருத்தம் இல்லை, கரைவலைக்கு வருகிறார், என்னோடு கதைப்பதில்லை. அவருடைய வெள்ளி அலுமாரிக்குள் என்னுடையதற்குப் பக்கத்தில் தொங்குகிறது, பெரிதாகத்தான் செய்திருக்கிறார். எனக்கு ஆறு சேலைன் ஏற்றி முடிந்தது. எண் எண்பத்தெட்டிலிருந்து முப்பத்தொன்றுக்கு வந்து நின்றது. முதுகெலும்பில் அந்த மூன்று இடமும் அப்படியே இருக்கின்றன.